ஸ்ட்ரைக்குக்கு முன்னாடி நிரம்பின கோடவுன்

தலைப்பைப் பாத்துட்டு ஏதோ தொழிற்சங்கப் பதிவுன்னு நினைச்சு எஸ்கேப் ஆயிடாதீங்க மக்களே. இது பாட்டுப் பதிவுதான். ஆனா கொசுவத்தி சுத்தி "அந்தக் காலத்துல..."ன்னு இழுக்குற வகை இல்ல. கொஞ்சம் கோவமா எழுதுற வகை. முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் பின்னூட்டத்துல வந்து அடிக்கக் கூடாது.

அமெரிக்காவுல 1943ம் வருஷம் சக்கை போடு போட்ட பேண்டு பாட்டுங்க பெரும்பாலும் 1943ல ரெக்கார்டு ஆனதே இல்ல. எல்லாம் 1942 ஜூலை மாசம் அடிச்சுப் பிடிச்சு ரெக்கார்டு பண்ணி அலமாரியில அடுக்கி வெச்ச சரக்கு. சிலது அதுக்கும் முந்தின பழைய சரக்கு. ஏன்னா 1942 ஆகஸ்ட் 1ம் தேதியில இருந்து அந்த நாட்டு வாத்தியக்காரங்க மொத்தப் பேரும் "இனிமே ரெக்கார்டுக்கு வாசிக்க மாட்டோம்"னு உக்காந்துட்டாங்க. வானொலியில நேரா வாசிப்போம், டான்ஸ் ஹால்ல வாசிப்போம், ரெக்கார்டுக்கு மட்டும் முடியாது. அவ்ளோதான்.

இதைப் பத்தி இணையத்துல தேடினீங்கன்னா ரெண்டு வகை கட்டுரை கிடைக்கும். ஒண்ணு, "ஆஹா, தடைக்கு முன்னாடி கடைசி நேரத்துல பதிஞ்ச பொக்கிஷங்கள்"னு உருகுறது. இன்னொண்ணு, "அந்தத் தலைவர் பண்ணின முட்டாள்தனத்தாலதான் பிக் பேண்டே செத்துப் போச்சு"ன்னு திட்டுறது. ரெண்டுமே பாதிதான்னு எனக்குப் படுது. மீதிப் பாதி எங்க ஏரியாக்காரனுக்கு ஈஸியா புரியும்.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம்

பிக் பேண்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நம்ம ஊரு கல்யாண ஊர்வல பேண்டு செட்டு இருக்குல்ல, அதுல இருக்குற டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாத்தையும் வரிசை வரிசையா மேடையில உக்கார வெச்சு, பியானோ, பேஸ், டிரம்ஸ் சேத்து, பதினஞ்சு பேருக்குக் கொறையாம ஒரே சட்டையில வாசிச்சா அது பிக் பேண்டு. எம்.எஸ்.வி.யோட கிளப் பாட்டுங்கள்ல திடீர்னு பித்தளை வாத்தியம் எல்லாம் சேந்து 'பாம்'னு எழும்புமே, அந்தச் சத்தத்தோட தாத்தா. 1930கள்ல இருந்து 40கள் வரைக்கும் அமெரிக்காவோட குத்துப்பாட்டே இதுதான். கிளென் மில்லர், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி, பென்னி குட்மேன், டியூக் எலிங்டன் எல்லாம் அப்போ சினிமா ஸ்டாருக்குச் சமம்.

இப்போ நம்ம கதையோட நாயகன். அல்லது வில்லன், உங்க இஷ்டம். பேரு ஜேம்ஸ் பெட்ரில்லோ. சிகாகோக்காரர். அமெரிக்க வாத்தியக்காரர் சம்மேளனத்துக்கு 1940ல தலைவர் ஆனவர். ஒரு லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள்.

அவரோட வாதம் ரொம்ப சிம்பிள். வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்ததும் ஐஸ்காரனுக்கு வேலை போச்சு. ஆனா அந்த ஃப்ரிட்ஜை ஐஸ்காரன் செஞ்சு குடுக்கல. வாத்தியக்காரன் மட்டும்தான் தன் வேலைக்கு உலை வைக்கிற பொருளைத் தானே வாசிச்சுச் செஞ்சு குடுக்குறான். ஒரு நாள் கூலி வாங்கிட்டு அவன் வாசிச்ச தட்டு, ஊரு முழுக்க ஜூக் பாக்ஸ்லயும் வானொலியிலயும் ஆயிரம் தடவை ஓடுது. அந்த ஆயிரம் தடவையும் இன்னொரு வாத்தியக்காரனுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய வேலை.

இது ஏதோ அமெரிக்கப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. நம்ம ஊரு கோயில்ங்கள்ல சாயரட்சை பூஜைக்கு கரண்டுல ஓடுற மேளம் பாத்திருப்பீங்களே? மோட்டார் சுத்தும், ரெண்டு குச்சி முரசை அடிக்கும், பக்கத்துல மணி ஆடும். சுவிட்சைப் போட்டா போதும், சம்பளம் கேக்காது, லீவு கேக்காது. கல்யாண மண்டபத்துல பென்டிரைவ்ல இருந்து கெட்டிமேளம் கேட்டிருப்பீங்களே? அந்தக் கெட்டிமேளத்தை வாசிச்சவர் யாருன்னு யாருக்காவது தெரியுமா? பெட்ரில்லோ கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

ஜூலை மாசக் கூத்து

தலைவர் ஜூன் மாசமே சொல்லிட்டார், ஆகஸ்ட் 1ல இருந்து நிறுத்துறோம்னு. கிட்டத்தட்ட அஞ்சு வாரம் அவகாசம்.

கம்பெனிங்க சும்மா இருக்குமா? ஜூலை பூரா ஸ்டுடியோ நிரம்பி வழிஞ்சது.

ஜூலை 1: டாமி டார்சி பேண்டு, ஃபிராங்க் சினாட்ரா குரல்ல 'தேர் ஆர் சச் திங்ஸ்'. இது 1943 ஜனவரியில முதலிடத்துல நின்னுது.

ஜூலை 14 முதல் 16 வரை: கிளென் மில்லர் சிகாகோவுல மூணு நாள். அவர் அந்த வருஷக் கடைசியில ராணுவத்துக்குப் போயிட்டார். 1944 டிசம்பர் 15ம் தேதி இங்கிலீஷ் கால்வாய் மேல விமானத்தோட காணாமப் போனார். சிகாகோவுல பதிஞ்சதுதான் அவரோட சொந்த பேண்டு கம்பெனிக்காக வாசிச்ச கடைசி ரெக்கார்டிங். அதுல ஒண்ணான 'தட் ஓல்ட் பிளாக் மேஜிக்' 1943ல முதலிடத்துக்குப் போச்சு. இன்னொண்ணு 'ஜூக் பாக்ஸ் சாட்டர்டே நைட்'. சனிக்கிழமை ராத்திரி ஜூக் பாக்ஸ்ல காசு போட்டுப் பாட்டு கேக்குற சுகத்தைப் பத்தின பாட்டு. எந்த ஜூக் பாக்ஸை எதிர்த்து ஸ்ட்ரைக் பண்ணப் போறாங்களோ, அதே ஜூக் பாக்ஸைப் புகழ்ந்து, ஸ்ட்ரைக்குக்கு ரெண்டு வாரம் முன்னாடி வாசிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. இதெல்லாம் கற்பனையில எழுதினா ஓவருன்னு சொல்வீங்க.

ஜூலை 27: பென்னி குட்மேன் பேண்டோட பெக்கி லீ பாடின 'வை டோன்ட் யூ டூ ரைட்'. அந்த அம்மாவை ஊருக்கே தெரிய வெச்ச பாட்டு.

ஜூலை 31: கடைசி நாள். ஹாரி ஜேம்ஸ் பேண்டு, ஹெலன் ஃபாரெஸ்ட் குரல். 'ஐவ் ஹெர்ட் தட் சாங் பிஃபோர்'. அதாவது, இந்தப் பாட்டை நான் முன்னாடியே கேட்டிருக்கேன்னு அர்த்தம். 1943ல பதிமூணு வாரம் முதலிடம். ஒரு வருஷமா புதுசா எதுவும் ரெக்கார்டு ஆகாத நாட்டுல மூணு மாசம் முதலிடத்துல நின்ன பாட்டோட தலைப்பைப் பாருங்க சாமி.

இந்தக் கதையில மெட்ராஸுக்கும் ஒரு ஓரமா சீட்டு இருக்கு. அப்போ இசைத்தட்டு செய்யுறது அரக்குல. ஷெல்லாக். அது பெரும்பாலும் இந்தியாவுல இருந்து, சோட்டா நாக்பூர் பக்கத்துக் காட்டுல பூச்சி கட்டுற அரக்குல இருந்து, கப்பல்ல போகணும். 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவுக்குள்ள வந்துட்டான். கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினத்துல குண்டு விழுந்துச்சு. மெட்ராஸ்ல சனம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு உள்நாட்டுக்கு ஓடிச்சு, அரசு ஆபீஸுங்களே இடம் மாறிச்சு. அதே ஏப்ரல்ல அமெரிக்க அரசாங்கம் ராணுவம் சாராத உபயோகத்துக்கு அரக்கை 70 சதவீதம் வெட்டிச்சு. அதனால பழைய தட்டைத் திருப்பிக் குடுத்தாத்தான் புதுத்தட்டுங்கிற நிலைமை வேற. ஆக கம்பெனிக்கு எப்படியும் கொஞ்சம் தட்டுதான் அச்சடிக்க முடியும். ஜூலையில பதிஞ்சு வெச்சதைச் சொட்டுச் சொட்டா விட்டா ஒரு வருஷத்துக்கு மேல தாங்கும். தாங்கிச்சு.

இங்கதான் விம்கோ நகர் வருது

எங்க ஏரியா பேரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனி பேரு. இப்போ 2021ல இருந்து மெட்ரோ ஸ்டேஷன் பேரும் ஆயிடுச்சு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில வளந்தவனுக்கு ஷிஃப்ட் சங்கு, கேட் மீட்டிங், நோட்டீஸ், லாக்-அவுட் இதெல்லாம் அகராதி பாக்காம தெரியும். எங்கப்பா இந்த பெல்ட்டுல ஒரு ஃபேக்டரியில (பேரு வேணாம், இப்போ அது இல்லவும் இல்ல) இருபத்தி ரெண்டு வருஷம் ஷிஃப்ட் பாத்தவர். நான் பொறியியல் முடிச்சு, கம்பெனி பஸ்ஸுல ஓ.எம்.ஆர். போயி ஆணி புடுங்குறவன். ஆனா அவர் சொன்ன ஒரு விஷயம் எந்த மேனேஜ்மெண்ட் புஸ்தகத்துலயும் படிக்கல. ஸ்ட்ரைக் பேச்சு வர்ற மாசத்துல திடீர்னு ஓவர்டைம் தாராளமா குடுக்க ஆரம்பிச்சா, கோடவுன் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாக்கணும். கோடவுன் கூரை வரைக்கும் நிரம்பியிருந்தா, மொதலாளி ஸ்ட்ரைக்குக்கு ரெடின்னு அர்த்தம். உன் கையாலயே, உன் ஸ்ட்ரைக்கை உடைக்கிற சரக்கை உன்கிட்ட வாங்கி வெச்சுட்டான்.

1942 ஜூலை அச்சு அசல் இதே கதைதான். ஸ்டுடியோவுல ஓவர்டைம், கோடவுன்ல பாட்டு. நாம இன்னிக்குப் 'பொக்கிஷம்'னு கொண்டாடுற ரெக்கார்டுங்க, அன்னிக்கு அந்தக் கோடவுன் சரக்கு. உருகி எழுதுறவங்க இதை ஒரு வரியாவது சொல்லணும் இல்லையா?

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அதுதான் இந்தப் பதிவோட மையம். தீப்பெட்டி ஒரு தடவைதான் எரியும். கோடவுன்ல எத்தனை லட்சம் பெட்டி அடுக்கினாலும், ஒரு நாள் எல்லா அடுப்பும் அதைத் தின்னு தீத்துடும். அன்னிக்கு மொதலாளி பேச்சுவார்த்தைக்கு வந்துதான் ஆகணும். தொழிலாளியோட பலமே சரக்கு தீரும்ங்கிறதுலதான் இருக்கு.

பாட்டு தீராது.

ஜூலை சரக்கு குறைஞ்சப்போ கம்பெனிங்க என்ன பண்ணிச்சு தெரியுமா? இன்னும் பழைய கோடவுனைத் திறந்துச்சு. 1939ல சினாட்ரா ஹாரி ஜேம்ஸ் பேண்டுல பாடின 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' முதல்ல வந்தப்போ சீந்துவாரில்ல. 1943ல சினாட்ரா பேரைப் பெருசாப் போட்டு மறுபடி விட்டாங்க. பத்து லட்சத்தைத் தாண்டிச்சு. டியூக் எலிங்டனோட 1940 ரெக்கார்டு ஒண்ணு புதுப் பேருல வந்து ஓடிச்சு. 'காசாபிளாங்கா' படம் 1943 ஜனவரியில நாடு பூரா ரிலீஸ் ஆகி 'ஆஸ் டைம் கோஸ் பை' எல்லார் வாயிலயும். புதுசா ரெக்கார்டு பண்ண முடியாது. அதனால 1931ல ரூடி வாலி பாடி மறந்தே போன தட்டைத் தூசி தட்டி விட்டாங்க, அது ஹிட்டு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாசிச்சவன், இன்னிக்கு ஸ்ட்ரைக்குல உக்காந்திருக்கிற தன் ஆளுக்கு எதிரா, தனக்கே தெரியாம வேலை பாக்குறான்!

இதுல ஒரே ஒரு தமாஷ் விதிவிலக்கு. பிங் கிராஸ்பியோட 'ஒயிட் கிறிஸ்துமஸ்' 1942 மே 29ல பதிஞ்சது. அச்சடிச்சு அச்சடிச்சு மூல அச்சே தேஞ்சு போயி, 1947 மார்ச்ல அதே மாதிரி திரும்பப் பாடிப் பதிய வேண்டியதாப் போச்சு. தீராத சரக்கு தேஞ்ச ஒரே கதை இதுதான்னு நினைக்கிறேன். டிஜிட்டல்ல அந்தக் கவலையும் இல்ல.

அதனால, "பெட்ரில்லோ நோட்டீஸ் குடுக்காம திடீர்னு நிறுத்தியிருந்தா ஜெயிச்சிருப்பார்"னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. ஜூலை இல்லன்னா ஜூன், ஜூன் இல்லன்னா 1931. ரெக்கார்டு செய்யுற தொழில்ல வேலையை நிறுத்துறது மட்டும் ஆயுதம் ஆகாது. ஏற்கனவே கோடவுன்ல இருக்குறதுல பங்கு கேக்குறதுதான் ஆயுதம். பெட்ரில்லோ புரிஞ்சுக்கிட்டதும் இதைத்தான், அவரைத் திட்டுறவங்க பேசாம விடுறதும் இதைத்தான்.

சரி, என்ன கிடைச்சுது?

டெக்கா 1943 செப்டம்பர்ல இறங்கி வந்துச்சு. அடுத்த மாசம் கேப்பிடல். பெரிய தலைங்க விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் 11 வரைக்கும் முறுக்கிக்கிட்டு இருந்துட்டு கையெழுத்துப் போட்டாங்க. நடுவுல யுத்தகாலத் தொழிலாளர் வாரியம் உத்தரவு போட்டுச்சு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தந்தி அடிச்சுக் கேட்டார். மனுஷன் அசையல.

ஒப்பந்தம் என்னன்னா, விக்கிற ஒவ்வொரு தட்டுக்கும், விலையைப் பொறுத்து, கால் சென்ட்ல ஆரம்பிச்சு ஒரு சின்னத் தொகை சங்கத்தோட நிதிக்குப் போகணும். இந்த நிதி ஸ்டாருங்க பாக்கெட்டுக்குப் போகல. பார்க்குல, ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடத்துல இலவசக் கச்சேரி வெச்சு, வேலை இல்லாத வாத்தியக்காரனுக்கு அதுல கூலி. ரெக்கார்டு எந்த வேலையைத் தின்னுச்சோ, அந்த ரெக்கார்டுல இருந்தே கால் சென்ட் எடுத்து ஒரு நேரடி வேலையை உண்டாக்குறது. நான் இத்தனை வருஷமா படிச்ச சிஸ்டம் டிசைன்ல இதைவிட அழகான ஃபீட்பேக் லூப் பாத்ததில்ல.

1947ல வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், முதலாளி காசு நேரா சங்கம் நடத்துற நிதிக்குப் போறதுக்கு முட்டுக்கட்டை போட்டுச்சு. பெட்ரில்லோ 1948 ஜனவரி 1ல இருந்து ரெண்டாவது தடை அறிவிச்சார். மறுபடி கடைசி மாசம் ஸ்டுடியோ நிரம்பிச்சு. 1947 டிசம்பர் 27ல வுடி ஹெர்மன் பேண்டோட 'ஃபோர் பிரதர்ஸ்'. டிசம்பர் 30ல டிஸ்ஸி கில்லெஸ்பி பேண்டோட 'மான்டேகா'. நாட் கிங் கோல் ஆகஸ்ட்லயே பதிஞ்சு வெச்ச 'நேச்சர் பாய்' 1948ல வெளிவந்து முதலிடம். கடைசியில 1948 டிசம்பர் 14ல, சங்கத்துக்கு வெளியில ஒரு அறங்காவலர் கையில நிதி இருக்கும்னு சமரசம். அந்த அறக்கட்டளை இன்னைக்கும் இலவசக் கச்சேரிக்குக் காசு குடுத்துக்கிட்டு இருக்கு.

'மான்டேகா' பத்தி ஒரு வார்த்தை. அதுல கொங்கா வாசிச்ச கியூபாக்காரர் சானோ போஸோ, 1948 டிசம்பர் 2ல நியூயார்க்குல சுட்டுக் கொல்லப்பட்டார். தடை முடியுறதுக்கு பன்னெண்டு நாள் முன்னாடி. முந்தின டிசம்பர்ல அந்த அவசரம் இல்லைன்னா, அந்தப் பாட்டுல அவர் கையோட சத்தம் ஸ்டுடியோவுல பதிவாகியே இருக்காது. அதே மாதிரி மறுபக்கம்: 1943ல ஏர்ல் ஹைன்ஸ் பேண்டுல சார்லி பார்க்கரும் கில்லெஸ்பியும் ஒண்ணா வாசிச்சாங்க. ஜாஸ் மொத்தமா திசை மாறின நேரம். தடை இருந்ததால கம்பெனி ரெக்கார்டு ஒண்ணுகூட இல்ல. இந்த நஷ்டத்தை நான் மறுக்கல. ரசிகனா எனக்கும் வயிறு எரியுது. ஆனா அந்த எரிச்சலுக்குக் காரணம் வாசிக்க மறுத்தவன் மட்டும்தானா, கால் சென்ட் தர மறுத்து ரெண்டு வருஷம் இழுத்தவனும் சேத்தியா?

பிக் பேண்டைக் கொன்னது தடைதான்ங்கிறதும் அப்படித்தான். பேண்டுக்காரப் பசங்க பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போயிட்டாங்க. ஊர் ஊரா பஸ்ஸுல போக பெட்ரோலும் டயரும் ரேஷன். 1944ல டான்ஸ் ஹால் மேல வரி 30 சதவீதம். தடையும் ஒரு அடி குடுத்துச்சு, உண்மை. பாடகருங்க சங்கத்துல இல்லாததால கம்பெனிங்க வாத்தியத்துக்குப் பதிலா கோரஸை நிக்க வெச்சு 'ம்ம்ம்'னு பாட வெச்சு ரெக்கார்டு போட்டாங்க. 1943ல டிக் ஹேம்ஸ் அப்படித்தான் முதலிடத்துக்குப் போனார். பேண்டுக்கு முன்னாடி நின்ன பாடகன் பேண்டைவிடப் பெரியவன் ஆனான். ஆனா பதினஞ்சு பேரை பஸ்ஸுல ஏத்தி ஊர் சுத்துற தொழில் ஏற்கனவே மூச்சு வாங்கிக்கிட்டுதான் இருந்துச்சு.

நம்ம ஊரு கணக்கு

தடை போட்டா பாட்டு வேற வாசல் வழியா வரும்ங்கிறதுக்கு நம்ம கிட்டயே சாட்சி உண்டு. 1952ல பி.வி.கேஸ்கர் மந்திரியா வந்தப்புறம் ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டைச் சுருக்கினாங்க, தயாரிப்பாளர்களும் முறுக்கிக்கிட்டு உரிமையை வாபஸ் வாங்கினாங்க. சனம் என்ன பண்ணுச்சு? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலி கேட்டுச்சு. 1957 அக்டோபர்ல விவித பாரதி ஆரம்பிச்சுத்தான் நிலைமை மாறிச்சு. அந்தச் சண்டையிலயும் அமைச்சர் பேசினார், தயாரிப்பாளர் பேசினார். வயலின்காரர் பேசினதா எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல.

அவங்களுக்காகப் பேசின ஒருத்தர் இங்க இருந்தார். எம்.பி.சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைச்சவர், கம்யூனிஸ்ட், சென்னையில சினிமா வாத்தியக் கலைஞர்களை ஒரு சங்கமாத் திரட்டினவர். நம்ம ஊரு பெட்ரில்லோன்னு சொல்லலாம், பெட்ரில்லோவுக்கு இல்லாத ஒரு தகுதி கூடவே: நல்ல பாட்டு போட்டவர். கால்ஷீட் கூலிங்கிற அளவுல நம்ம சங்கம் நல்லாவே வேலை செஞ்சுது. ஆனா அந்தக் கால் சென்ட்டு கேள்வி, ரெக்கார்டு திரும்பத் திரும்ப ஓடுறதுல பங்குங்கிற கேள்வி, இங்க ஒழுங்கா எழுந்திரிக்கவே இல்ல.

சட்டமும் அப்படித்தான் இருந்துச்சு. 1977ல உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் காசு குடுத்துப் போட வெச்ச பாட்டுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர்னு சொல்லிடுச்சு. இசையமைப்பாளருக்கும் கவிஞருக்குமே இந்த நிலைமைன்னா, மூணாவது வரிசை வயலினுக்கு என்ன? 1994 திருத்தத்துலதான் பாடுறவங்க, வாசிக்கிறவங்களுக்கு 'நிகழ்த்துநர் உரிமை'ன்னு ஒண்ணு வந்துச்சு. 2012 திருத்தம்தான், வணிக ரீதியா உபயோகிச்சா அவங்களுக்கு ராயல்டி உண்டுன்னு எழுதி வெச்சுது.

அதே 2012 திருத்தத்துல ஒரு வரி இருக்கு. நண்பர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. சினிமாவுல ஒருத்தரோட பங்கு போகிற போக்குல வர்றதா இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேரு டைட்டில்ல கூடப் போடப்படுறது இல்லைன்னா, அவரை 'நிகழ்த்துநர்'னு கணக்குல எடுக்கத் தேவையில்ல (தன் பங்கைச் சிதைக்கக் கூடாதுன்னு கேக்குற உரிமை மட்டும் மிச்சம்). கூட்டத்துல நிக்கிற துணை நடிகரை மனசுல வெச்சு எழுதினதா இருக்கலாம். ஆனா பேரு போடாத வழக்கம் யாருக்கு உண்டோ, அவங்க மேல எல்லாம் இந்த வரியோட நிழல் விழும். பேரு போடாததுக்குப் பின்னாடி காசு இருக்கு மக்களே. மரியாதை மட்டும் இல்ல.

2017ல இளையராஜா - எஸ்.பி.பி. வக்கீல் நோட்டீஸ் விவகாரம் ஞாபகம் இருக்கா? இணையமே ரெண்டா நின்னு அடிச்சுக்கிச்சு. இசை யாருக்குச் சொந்தம், போட்டவருக்கா பாடினவருக்கா? அந்த ரெண்டு மாச கும்மியில, அந்தப் பாட்டுல டிரம்ஸ் வாசிச்ச புருஷோத்தமன், பேஸ் கிடார் சசிதரன், கிடார் சதானந்தம், புல்லாங்குழல் நெப்போலியன், கீபோர்டு விஜி மேனுவல் இவங்க பேரை எத்தனை பேர் எழுதினாங்க? விரல் விட்டு எண்ணிடலாம். அந்த பேஸ் கிடாரை எடுத்துட்டுக் கேட்டுப் பாருங்க, அதே பாட்டான்னு.

"கொத்தனாருக்கு வீட்டு வாடகையில பங்கு தர்றோமா? கூலி வாங்கிட்டாங்கல்ல, முடிஞ்சுது"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். என் பதில்: கொத்தனார் கட்டின வீடு, அடுத்த தெருவுல தானாவே இன்னொரு வீட்டைக் கட்டிக்காது. அடுத்த வீட்டுக்கும் கொத்தனார் வேணும். ரெக்கார்டு அப்படி இல்ல, அடுத்த கச்சேரிக்கு அதுவே போய் நிக்கும். நான் எழுதுற கோடுக்கு ராயல்டி இல்லதான், ஆனா எனக்கு மாசச் சம்பளம், பி.எஃப்., மெடிக்ளெய்ம். கால்ஷீட்டுக்கு அது எதுவும் இல்ல.

இப்போ இது ஏன் அவசரம்னா, கோடவுன் இன்னும் ஒரு படி மேல போயிடுச்சு. 1986ல 'புன்னகை மன்னன்'ல சீக்வென்சர் வந்தப்போ, பத்துப் பேர் வேலையைப் பாக்க ஒரு மெஷின், ஆனா அதை இயக்க ஒரு மனுஷன் வேணும். அப்புறம் சாம்பிள் வந்துச்சு: யாரோ ஒருத்தர் ஒரு நாள் வாசிச்ச சுரம் ஆயிரம் பாட்டுல. இப்போ ஏஐ. பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் தின்னு, புதுப் பாட்டைத் துப்புது. 1942 கோடவுன்ல இருந்த பாட்டு அதே பாட்டாத்தான் திரும்பி வந்துச்சு. இன்னிக்கு கோடவுன் தானே குட்டி போடுது! 2024 ஜூன்ல பெரிய ரெக்கார்டு கம்பெனிங்க சுனோ, யூடியோ மேல வழக்குப் போட்டாங்க. 2025லயே சிலர் சமரசம் பேசி லைசென்ஸ் ஒப்பந்தத்துக்குப் போயிட்டாங்க. கோடவுன் சாவி வெச்சிருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசி முடிச்சுக்குவாங்க. உள்ள இருக்குற சரக்கை வாசிச்சவன் கேட்டுக்கு வெளியில நிப்பான்.

நான் கேக்குறது புரட்சி இல்ல. ரெண்டே விஷயம்.

ஒண்ணு, அந்தக் கால் சென்ட்டு. ஸ்ட்ரீமிங்ல, சவுண்டு சர்வீஸ்ல, மண்டபத்துல ஓடுற ரெக்கார்டுல இருந்து ஒரு துளி எடுத்து, பூங்காவுலயும் கோயில்லயும் நேரா வாசிக்கிறவங்களுக்குக் கூலி குடுக்குற ஒரு நிதி. எண்பது வருஷத்துக்கு முன்னாடி, யுத்தத்துக்கு நடுவுல, கம்ப்யூட்டர் இல்லாம கணக்கு வெச்சுக் குடுத்திருக்காங்க. இன்னிக்கு ஒவ்வொரு ப்ளேயும் லாக்ல இருக்கு. டேட்டாபேஸ் வேலை பாக்குறவனா சொல்றேன், இது தொழில்நுட்பப் பிரச்சினையே இல்ல.

ரெண்டு, பேரு. ஏ.ஆர்.ரஹ்மான் கேசட்டு, சிடி உறையில வாசிச்சவங்க பேரைப் போட்டுக் காட்டினார், வானம் இடிஞ்சு விழல. ஸ்ட்ரீமிங் வந்ததும் அந்த உறையும் போச்சு. இதை நாம செய்யலாம். அடுத்த தடவை பழைய பாட்டைப் பத்தி பதிவு போடும்போது, இசை, பாடல், குரல்னு மூணு வரியோட நிறுத்தாம நாலாவது வரி ஒண்ணு சேருங்க: வாசித்தவர்கள். தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க. தெரியலைன்னா 'தெரியவில்லை'ன்னு எழுதுங்க, யாராவது பின்னூட்டத்துல வந்து சொல்லுவாங்க. ராயபுரம், பெரம்பூர், கோடம்பாக்கம் பக்கம் அந்தப் பேருங்களை நேர்ல தெரிஞ்ச பெருசுங்க இன்னும் இருக்காங்க. அவங்க இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கணும்.

சரி, நீங்க ஆரம்பிங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டு, அதுல ஒரு வாத்தியம், அதை வாசிச்சவர் பேரு. பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு.

டிஸ்கி 1: ஹாரி ஜேம்ஸ் பாட்டைத் தேடிக் கேட்டுட்டு "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு திட்டக் கூடாது. ரெண்டாவது தடவை ஹெட்போன்ல கேளுங்க. டிரம்பெட்டுக்குப் பின்னாடி ஒரு வயலின் கூட்டம் இருக்கும். அவங்க பேரும் எனக்குத் தெரியாது.

டிஸ்கி 2: "வாசித்தவர்கள்: தெரியவில்லை"ன்னு மட்டும் போட்டு பதிவு எண்ணிக்கை ஏத்துறவங்க கவனிக்கப்படுவார்கள்.